நடைச் சுற்றுலாவுக்குப் போகலாமா என்று கேட்ட சகலனுக்கு

லாசால், மொன்ட்ரியால்
மழை விடாத ஒரு சனிக்கிழமை

அன்புக்குரிய சகலன் நகுலேஸ்வரனுக்கு குணரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உம்முடைய மச்சாள் ஜெகதீஸ்வரியும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். அதாவது ஜெகதீஸ்வரி முழுச் சுகம், நான் இடது முழங்கால் நீங்கலாகச் சுகம். ஸ்காபரோவில் நீரும் தாட்சாயினியும் பிள்ளைகளும் சகல மூட்டுகளும் உட்படச் சுகமாக இருக்க அவரையே வேண்டுகிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர். காரணம் உண்டு. போன கிழமை நீர் தொலைபேசியில், "அண்ணை, நீங்கள் போயிட்டு வந்த அந்த நடைச் சுற்றுலா எப்பிடி? நாங்களும் போகலாமோ?" என்று கேட்டபோது, உம்முடைய பக்கத்தில் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத் தாட்சாயினி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் பக்கத்திலும் அதே நிலைமைதான், வெங்காயத்துக்குப் பதிலாகக் கீரை. அந்த இடத்தில் ஒரு மனிதன் "ஓம், நல்லாயிருந்தது" என்பதைத் தவிர வேறு எதைச் சொல்ல முடியும்? வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், உமக்கு வருவதை உமக்கு முதலே தாட்சாயினி வாசித்துவிடுவார் என்பது குடும்பம் முழுவதற்கும் தெரியும். ஆகவே இந்தக் கடிதம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்துவிட்டு நீரே ஒரு முடிவுக்கு வாரும்.

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் இருந்து தாய்க்குக் கரைச்சல் கொடுக்கிறேன் என்று எங்கள் மகள் நிரோஜாவுக்கு ஓர் எண்ணம். புரட்டாதிக் கடைசியில் பியர்பொன்ட்ஸிலிருந்து வந்து, "அப்பா, உங்கள் ரெண்டு பேருக்கும் நாலு நாள் ஹொலிடே போட்டிருக்கிறன், வழிகாட்டி எல்லாம் இருக்கு, ஈஸ்டர்ன் டவுன்ஷிப்ஸ் பக்கம், கிராமம் கிராமமா நடக்கிறது" என்று சொன்னாளாம். கடைசிச் சொல்லை அவள் சொன்னதாக அவளும் தாயும் சாதிக்கிறார்கள். என் காதில் ஹொலிடே என்பது மட்டும்தான் விழுந்தது. வழிகாட்டி என்றால் பஸ்ஸில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் பாருங்கள், இடப்பக்கம் பாருங்கள் என்று சொல்லும் ஆள் என்று நினைத்து, நான் கோட்டும் தோல் சப்பாத்தும் எடுத்து வைத்தேன். ஜெகதீஸ்வரி ஒன்றும் சொல்லாமல் தனக்கு மட்டும் மலைக்குப் போடும் சப்பாத்து வாங்கி, ஒரு கிழமை அதைப் போட்டுக்கொண்டே குசினிக்குள் சமைத்தாள். காலில் ஏதோ வருத்தம், டொக்டர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்து, கேட்டால் செலவுக்கு வரும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மெட்ரோ வாசலில் இருந்து ஒரு சின்ன பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு போய் ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்தில் இறக்கியது. இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நான் அது எரிபொருள் அடிக்கப் போகிறது என்று நினைத்து வீதியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வழிகாட்டி மெலனி, நிரோஜாவின் வயதுப் பிள்ளை, முதுகில் தன்னைவிடப் பெரிய பை, வந்து "பொன்ஜூர், மிஸ்டர் குணா, என்ன தேடுகிறீர்கள்?" என்று கேட்டாள். பஸ் எப்போது வரும் என்றேன். "நாலாம் நாள்" என்றாள். எங்கள் பெட்டிகள் மட்டும் ஒரு வான் வண்டியில் அடுத்த விடுதிக்குப் போகுமாம். நாங்கள் காட்டுக்குள்ளாலே நடந்து போய்ப் பெட்டியைச் சந்திக்கவேண்டுமாம். வானில் இடம் இருக்கிறதே, நானும் பெட்டியோடு போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பகிடி விடுகிறேன் என்று எண்ணி எல்லோரும் சிரித்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். எங்களைத் தவிர மற்ற எல்லோரும் கியூபெக் பிரெஞ்சுக்காரர்கள், எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள், எல்லோர் கையிலும் இரண்டு இரண்டு தடி. ஒரு மனிதனுக்கு நடக்க ஒரு தடி வேண்டியிருந்தால் அவன் வீட்டில் இருக்கவேண்டும், இரண்டு வேண்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அன்று மத்தியானத்துக்குள் நான் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு மெலனியிடம் இரண்டு தடி கடன் வாங்கினேன்.

காடு நல்ல காடுதான், குறை சொல்ல முடியாது. மேப்பிள் இலைகள் எல்லாம் சிவந்து, படத்தில் இருப்பதுபோலவே இருந்தது. ஆனால் தம்பி, படத்தில் ஏற்றம் தெரியாது. வழியில் ஒரு டெபனேர், அதாவது உங்கள் பக்கத்து மூலைக்கடை, அதுகூட இல்லை. இந்த மாகாணத்தில் எந்த மூலையில் நின்றாலும் ஒரு டெபனேரும் அதில் ஒரு கோப்பி மெசினும் கண்ணில் படும் என்று நம்பி வாழ்ந்தவன் நான். மெலனி ஆளுக்கொரு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளத் தந்தாள், வழி தவறினால் ஊத வேண்டுமாம். ஜெகதீஸ்வரி அதைத் தொலைத்துப்போடுவாள் என்று, இரண்டையும் வாங்கி நானே பத்திரமாகப் பொக்கற்றில் வைத்தேன்.

முதல்நாள் பொழுதுபட ஒரு விடுதியில் போய் விழுந்தோம். அங்கே மெலனி எல்லோரையும் கூட்டி, இந்தக் காடுகளில் உண்ணி இருக்கிறது, கடித்தால் பொல்லாத வருத்தம் வரும், ஆகவே அறைக்குப் போனதும் ஒருவரை ஒருவர் உடம்பு முழுவதும் சோதித்துக்கொள்ளுங்கள் என்று, பாண் வாங்கிவரச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் அறைக் கதவைப் பூட்டி, திரைச்சீலையை இழுத்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஜெகதீஸ்வரியைச் சோதிக்கத் தொடங்கினேன். பிடரிக்குக் கீழே கறுப்பாக, மிளகளவில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளினேன். வரவில்லை. நான் போட்ட சத்தத்தில் மெலனி சிறுகுறட்டோடு ஓடிவந்தாள், அவளுக்குப் பின்னால் பாதி விடுதி. ஜெகதீஸ்வரி சால்வையால் கழுத்தை மூடிக்கொண்டு சொன்னாள்: "அது மச்சம். கலியாணத்துக்கு முதலே கிடக்கு."

மெலனிக்கு நான் இதை ஆங்கிலத்தில் விளக்கவேண்டி வந்தது. அவள் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. "நல்லது, இப்போது தெரிந்துகொண்டீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் புறப்படும்போது மெலனி எல்லோரையும் ஒருதரம் நோட்டம் விட்டு, "மிஸ்டர் குணா, நீங்கள் எனக்குப் பின்னால் முதல் ஆளாக வாருங்கள்" என்றாள். முதல்நாளே என்னில் ஏதோ ஒரு தலைமைக் குணத்தைக் கண்டிருக்கிறாள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னுக்குப் போனேன். கூட்டத்தில் ஆகக் குறைந்த வேகத்தில் நடப்பவரைத்தான் முன்னுக்கு விடுவார்கள், அப்போதுதான் மற்றவர்கள் அவரை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள் என்பதை நான் வீட்டுக்கு வந்த பிறகு நிரோஜா சொல்லித்தான் அறிந்தேன். ஜெகதீஸ்வரி பின்வரிசையில் அக்னெஸ் என்ற ஒரு வயதான பெண்மணியோடு நடந்துவந்தாள். புருசன் இறந்தபிறகு வருசத்துக்கு இரண்டு தரம் இப்படி நடக்க வருவாராம். வெள்ளைத் தலை, ஒல்லியான ஆள், ஏற்றத்தில் ஆடுபோல ஏறுவார். இரண்டு பேரும் பின்னால் கதைத்துச் சிரிக்கிற சத்தம் எனக்கு அவ்வப்போது கேட்டது. எந்தப் பாஷையில் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானம் போல ஒரு பெரிய பாறையடிக்கு வந்து, சாப்பாட்டுக்கு நின்றோம். மழைப்புகார் மூடுபனி மாதிரிக் கீழேயிருந்து ஏறிவந்து, ஒருவரின் முகம் ஒருவருக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது. மெலனி ஆட்களை எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். இரண்டு பேர் குறைந்தார்கள். அக்னெஸும் ஜெகதீஸ்வரியும். கடைசி ஆளாக வரவேண்டிய ஓய்வுபெற்ற பல் டொக்டர் ஒருவர் ஒரு காளானைப் படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு இறங்கியவர், அவர்கள் தன்னைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று நினைத்துக் குறுக்கால் ஏறி வந்துவிட்டாராம்.

அந்தப் பிள்ளை பதறவில்லை. ஒரு சின்னக் கொப்பியை எடுத்து என்னிடம் கேட்டாள். "உங்கள் மனைவி என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறார்?"

நகுலேஸ்வரன், நீர் இதை வாசிக்கும்போது தாட்சாயினி வீட்டுக்குள் எங்காவது நடமாடிக்கொண்டிருப்பார். திரும்பிப் பார்க்காமல் சொல்லும், இன்றைக்கு அவர் என்ன நிறம்?

நான் "குளிர்ச்சட்டை" என்றேன். நிறம் என்ன என்று திரும்பக் கேட்டாள். "ஒரு கடும் நிறம்" என்றேன். உயரம் கேட்டாள். என் தோளில் கையை வைத்துக் காட்டினேன், பிறகு சந்தேகம் வந்து கொஞ்சம் உயர்த்தினேன். என்ன வருத்தம் இருக்கிறது, என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டாள். "அவவுக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் சீனி வருத்தமும் பிரஷரும்" என்று சொல்லி என் குளிசைகளின் பெயரை எல்லாம் ஒப்புவித்தேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இன்றைக்கு எடுத்த படம் ஏதாவது உங்கள் தொலைபேசியில் இருக்கிறதா என்றாள். தட்டிப் பார்த்தேன். பெட்டி ஏற்றிய வானின் இலக்கத்தகடு இருந்தது. விடுதிக் கட்டணப் பலகை இருந்தது. காலைச் சாப்பாட்டில் வைத்த சீஸ் இருந்தது. என் சப்பாத்து மூன்று கோணத்தில் இருந்தது. கிடங்கில் வேலை செய்த காலமெல்லாம் எந்தப் பெட்டி எந்தத் தட்டில் என்று பார்க்காமலே சொன்னவன் நான்.

அப்போது அந்தப் பல் டொக்டர் தன்னுடைய தொலைபேசியை நீட்டினார். அன்று காலை எடுத்த படம். அதில் ஜெகதீஸ்வரி ஒரு மரப்பாலத்தில் நின்று வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் சட்டை. கடும் மஞ்சள்கூட இல்லை, பழுத்த எலுமிச்சை நிறம், ஒரு மைல் தூரத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்தச் சட்டையை நான் அதுவரை கண்டதே இல்லை என்று சத்தியம் பண்ணியிருப்பேன். அந்தச் சிரிப்பையும் கண்டு கனகாலம்.

"அவரிடம் விசில் இருக்கிறதே, ஊதியிருப்பார், கேட்கவில்லையே" என்று மெலனி தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான் பொக்கற்றில் கையை விட்டு இரண்டு விசிலையும் எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன். அவள் அவற்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் குளிருக்குள் என் மனதில் என்ன ஓடியது என்று கேட்பீர். பெரிதாக ஒன்றும் ஓடவில்லை. வீட்டில் அரிசி எந்த வாளியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பதுதான் முதலில் வந்தது. அதை நினைத்ததற்காக வெட்கம் வந்தது. பிறகு, அந்தக் குசினிக்குள் நான் தனியாக நின்று ஒவ்வொரு வாளியாகத் திறந்து பார்ப்பதுபோல ஒரு காட்சி வந்தது. அதை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, புகாருக்குள் திரும்பிக் கத்தத் தொடங்கினேன்.

என்ன கத்துவது? பெயர் சொல்லித்தானே கூப்பிட வேண்டும். ஆனால் கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நீரும் தாட்சாயினியை அப்படிக் கூப்பிட்டிருக்கமாட்டீர். வாயில் வந்தது வழக்கமாக வருவதுதான். "இஞ்சாரும்!" என்று கத்தினேன். "இஞ்சாரும்! இஞ்சாரும்!" என்று அந்த மலை எதிரொலிக்கக் கத்தினேன். இங்கே பாரும் என்று கெஞ்சுகிறேன் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதுதான் அவளுடைய பெயர் என்று எண்ணிக்கொண்டு, அத்தனை பிரெஞ்சுக்காரரும் பாறை விளிம்பில் வரிசையாக நின்று, வாயில் இரண்டு கையையும் குவித்து, "ஆன்ஷாரூம்! ஆன்ஷாரூம்!" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பல் டொக்டருக்கு நல்ல கணீரென்ற குரல், ஏதோ தேவாலயப் பாட்டுக் குழுவில் பாடுகிறவராம். மெலனி ஒரு மேட்டில் ஏறி, விட்டு விட்டு வந்த சிக்னலில் விடுதிக்கு அழைத்து, காணாமல் போனவர்கள் மதாம் அக்னெஸ், மதாம் ஆன்ஷாரூம் என்று அறிவித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அது பெயர் இல்லை என்றேன். "அப்படியென்றால் பெயர் என்ன?" என்றாள். ஜெகதீஸ்வரி என்றேன். அவர்கள் இரண்டு மூன்று தரம் அதைச் சொல்லிப் பார்த்தார்கள், மூச்சுப் பிடித்தது, விட்டுவிட்டுத் திரும்பவும் ஆன்ஷாரூமுக்கே வந்துவிட்டார்கள்.

எவ்வளவு நேரம் அப்படிக் கத்தினோம் என்று எனக்குத் தெரியாது. என் குரல் போய்விட்டது. மற்றவர்கள் முறை வைத்துக் கத்தினார்கள். யாரோ ஒரு பெண்மணி தன்னுடைய பிளாஸ்கில் இருந்து கோப்பி ஊற்றி என் கையில் பிடிப்பித்தார்.

அப்போது கீழே ஒரு இயந்திரச் சத்தம் கேட்டது. புகாருக்குள்ளே இருந்து ஒரு உழவு இயந்திரம் இரைந்துகொண்டு மரம் இழுக்கும் பாதையால் ஏறி வந்தது. பின்னால் ஒரு பெட்டி வண்டி. வண்டி நிறைய அப்பிள். அப்பிளுக்கு மேலே சாக்கு விரித்து, ஒரு போர்வையால் சுற்றிய அக்னெஸ், அவருக்குப் பக்கத்தில் மஞ்சள் சட்டை.

எல்லோரும் ஒரே குரலில் "ஆன்ஷாரூம்!" என்று ஆர்ப்பரித்தார்கள். ஜெகதீஸ்வரி வண்டியில் இருந்தபடியே என்னைப் பார்த்தாள்.

"உதென்ன, ஊரே என்னை இஞ்சாரும் எண்டு கூப்பிடுது?"

"உம்மைக் காணேல்லை எண்டுதான்," என்றேன். சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

"எனக்குக் கீழ கேட்டது. அத்தனை ஆம்பிளையள் இஞ்சாரும் எண்டு கூப்பிட்டா, நான் ஆர் எண்டு எண்ணிக்கொண்டு போறது? அந்தரத்தில மனுசியை விட்டிட்டு வரேலாது எண்டு பேசாமல் இருந்தன்."

நடந்தது இதுதான். வழியில் அக்னெஸ் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவர் எழும்பவில்லை. முகம் வெளிறி, வியர்த்து, கை நடுங்கி, கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். ஜெகதீஸ்வரி பார்த்த உடனே விளங்கிக்கொண்டாள், சீனி இறங்கிவிட்டது. ஊதலாம் என்றால் அக்னெஸின் விசிலும் அவருடைய பெட்டியோடு வானில் போயிருந்ததாம். சட்டைப் பொக்கற்றில் இருந்து எள்ளுருண்டையை எடுத்து உடைத்து உடைத்து ஊட்டி, தலையை மடியில் வைத்து, ஆள் தெளியும்வரை கதைத்துக்கொண்டே இருந்தாளாம். தெளிந்தபிறகு ஏறக்கூடாது, இறங்கத்தான் வேண்டும் என்று, நாய் குரைத்த திசையைப் பிடித்துக் கைத்தாங்கலாக ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். மெலனி அக்னெஸின் நாடியைப் பார்த்துவிட்டு, ஜெகதீஸ்வரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் தனியாக விட்டிருந்தால் பெரிய பிரச்சினையாகியிருக்கும் என்று அந்தத் தோட்டக்காரரும் சொன்னார். அவர் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்தது ஜெகதீஸ்வரி.

"நீர் எப்ப இவ்வளவு பிரெஞ்சு படிச்சனீர்?" என்று கேட்டேன்.

"கார்தெரியில இவ்வளவு காலம் நான் என்ன, ஊமைப் பாஷையிலயே பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுத்தனான்?"

கார்தெரி என்பது இங்கே குழந்தைகள் காப்பகம், உமக்குத் தெரியும், அவள் அதில் சமையல் பார்த்தாள். கடை, வங்கி, டொக்டர் எல்லா இடத்திலும் நான்தான் முன்னுக்கு நின்று ஆங்கிலத்தில் கதைப்பேன், அவள் பின்னுக்கு நிற்பாள். அவளுக்குக் கதைக்க வராது என்று நான் எப்போது முடிவெடுத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. அந்த எள்ளுருண்டை ஏன் பொக்கற்றில் இருந்தது என்றும் கேட்டேன். "உங்களுக்குச் சீனி இறங்கினா எண்டுதான். எங்க போனாலும் கொண்டுதானே போறனான்" என்றாள்.

அன்று பின்னேரம் விடுதிச் சாப்பாட்டு மேசையில் பல் டொக்டர், தான் நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டு, சட்டை நிறம் கேட்டபோது நான் நின்ற நிலையை ஜெகதீஸ்வரிக்குப் பிரெஞ்சில் விவரித்துவிட்டார். அவள் கோபிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "கண்ணை மூடுங்கோ" என்றாள். மூடினேன். "இப்ப நான் என்ன நிறம் போட்டிருக்கிறன்?"

பகல் முழுவதும் பட்ட பாட்டுக்கு நான் இந்தத் தடவை கவனமாகப் பார்த்து வைத்திருந்தேன் என்று நீர் நினைப்பீர். நானும் அப்படித்தான் நினைத்தேன். "பச்சை" என்றேன்.

"அது மெலனி."

அக்னெஸ் இதை எல்லோருக்கும் சொன்னார். உடனே அந்த மேசையில் இருந்த பெண்கள் எல்லோரும் தங்கள் தங்கள் புருசன்மாரைக் கண்ணை மூடச் சொன்னார்கள். அங்கே ஒரே அமளி. ஒருவர் நீலம் என்றார், மனைவி சிவப்பில் இருந்தார். இன்னொருவர் நிறத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, மனைவி தலைமயிரைக் கட்டையாக வெட்டி மூன்று நாளாகிவிட்டது என்பதை அப்போதுதான் கண்டார். பல் டொக்டர் மட்டும் தப்பினார், அவர் கலியாணம் கட்டவில்லை. ஜெகதீஸ்வரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. படத்தில் இருந்த அதே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாளும் என்னை முன்னுக்குத்தான் விட்டார்கள். இந்தமுறை நான் பத்தடிக்கு ஒருதரம் திரும்பி மஞ்சள் சட்டை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். "முன்னுக்குப் பாருங்கோ, விழப்போறியள்" என்று அவள் பின்னால் இருந்து கத்தினாள். கத்தியதைக் கேட்பதற்காகத் திரும்பியபோதுதான் விழுந்தேன். ஒரு சேற்றுக் கிடங்கு, இடுப்பளவு. என்னைத் தடிகளால் பிடித்து இழுத்து எடுத்தார்கள். தோல் சப்பாத்தில் ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது. இடது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது.

கடைசிநாள் என்னை வானில், பெட்டிகளோடு ஏற்றினார்கள். நான் முதல்நாள் ஆசைப்பட்டதும் அதுதான். வான்காரர் ஒரு மேட்டில் நிறுத்தி, அங்கே பாருங்கள் என்று எதிர்ப்பக்க மலைச்சரிவைக் காட்டினார். வெட்டிய புல்வெளிக்கு நடுவே எங்கள் கூட்டம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது, எறும்பளவில். முகமும் தெரியாது, நடையும் தெரியாது. ஆனால் நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. "உங்கள் மனைவி எது?" என்று அவர் கேட்டார். நான் உடனே விரலை நீட்டிக் காட்டினேன். அந்தப் புள்ளி ஓர் இடத்தில் நின்று, எங்கள் பக்கம் திரும்பிக் கையை அசைத்தது. வானுக்குள் இருக்கும் என்னை அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தாலும் நான் இறங்கி, நல்ல காலில் நின்று, வான்காரர் சிரிக்கச் சிரிக்க, அவள் திரும்பி நடக்கத் தொடங்கும்வரை இரண்டு கையையும் அசைத்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. ஆகவே என்னுடைய தீர்மானமான அபிப்பிராயம், நீர் போகவேண்டாம். கால் நோகும், சாப்பாடு பச்சைத்தண்ணீர் மாதிரி, பஸ் திரும்பி வராது. அதையெல்லாம் தாங்கலாம். ஆனால் நாற்பது வருசமாக ஒரு வீட்டில் ஒன்றாக இருந்து நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுக்கும் மனிதனை ஒரு மலையில் ஏற்றி, உன்னுடைய மனுசி என்ன நிறம், என்ன உயரம், என்ன குளிசை எடுக்கிறாள் என்று கேட்டால், அவன் என்ன செய்வான்? (குளிசை எடுக்கிறாள். பிரஷருக்கு. மூன்று வருசமாக. வந்தபிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.) உமக்கு இந்த நிலை வரவேண்டாம். காசைக் கொண்டுபோய் ஒரு நல்ல சோபா வாங்கும். தாட்சாயினி பிடிவாதம் பிடித்தால், முழங்கால் நோகுது என்று இப்போதிருந்தே நொண்டத் தொடங்கும். இந்தக் கடிதத்தை வாசித்தவுடன் கிழித்துவிடும்.

பிள்ளைகளுக்கு எங்கள் அன்பைச் சொல்லும். மூத்தவனின் படிப்பு நல்லபடி முடிய, இளையவள் தமிழில் ஒரு வசனமாவது முழுதாகக் கதைக்க, உமக்கும் தாட்சாயினிக்கும் நோய் நொடி அண்டாதிருக்க, முருகன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு, வீட்டை விட்டு அசைவதாக எண்ணமில்லாத,
உமது சகலன்
க. குணரத்தினம்

பி.கு.: முத்திரை தேடிக் குசினிக்குள் போன இடத்தில் ஜெகதீஸ்வரி தொலைபேசியில் நின்றாள். மறுமுனையில் உம்முடைய தாட்சாயினி. எல்லாம் முடிந்துவிட்டது, தம்பி. வருகிற ஆனியில் கஸ்பேப் பக்கம், கடற்கரையோரமாகப் பத்து நாள் நடை, இதே மெலனிதான் கூட்டிப்போகிறாளாம். அக்கா, தங்கச்சி, அக்னெஸ், மூன்று பேருக்கும் பெயர் கொடுத்தாகிவிட்டது. எங்கள் இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை. நாங்களும் வரலாமோ என்று கேட்டுப் பார்த்தேன். "முதல் நடக்கப் பழகுங்கோ, பேந்து பார்ப்பம்" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விடும். அந்தப் பத்து நாளும் நீர் இங்கே வந்து நில்லும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆற்றங்கரையோரமாக நல்ல சமதரைப் பாதை ஒன்று உண்டு, இடைக்கிடை இருந்து ஆற வாங்குகளும் போட்டிருக்கிறார்கள். காலையும் மாலையும் நடப்போம். சப்பாத்து வாங்கும்போது ஓர் அளவு பெரிதாகப் பார்த்து வாங்கும், இறக்கத்தில் பெருவிரல் இடிக்கும்.